கயிற்றை இழுக்கும் முன்

வாடைக் காற்று வலுத்துவிட்டால் நாகை, காரைக்கால், இராமநாதபுரம் கரைகளில் பல ஃபைபர் படகுகள் மேட்டில் ஏறிவிடும். இன்ஜினைக் கழற்றித் தோளில் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, திண்ணையிலோ கொட்டகையிலோ சாத்தித் தார்ப்பாயைப் போர்த்தி வைப்பார்கள். படகு பழுதுபார்க்கப் போனாலும், படகுக்காரர் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போனாலும் இன்ஜினுக்கு இதே கதிதான். பிறகு ஒருநாள் கடல் அடங்குகிறது. பக்கத்துப் படகுக்கு நல்ல மீன்பாடு என்று செய்தி வருகிறது. மறுநாள் விடியற்காலையிலேயே இன்ஜின் கிளம்பியாக வேண்டும் என்ற அவசரம் பிறக்கிறது.

அந்த அவசரம்தான் இன்ஜினைக் கொல்கிறது. மாதக்கணக்கில் கிடந்த இன்ஜினுக்கு, கிடந்த காலத்தில் வரும் சேதம் பெரும்பாலும் துடைத்தால், கழுவினால், ஒரு ரப்பர் துண்டை மாற்றினால் தீர்ந்துவிடும். பார்க்காமல் கிளப்பி ஓடவிட்டால் அரை நிமிடத்தில் வாட்டர் பம்பு போகும். இன்னும் கொஞ்ச நேரம் ஓடினால் பிஸ்டனே போகும். அதனால் இந்த அத்தியாயத்தில் ஸ்டார்ட்டர் கயிறு கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன் அரை நாள் வேலை இருக்கிறது. கடலுக்குப் போகும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே இதைத் தொடங்கிவிடுங்கள்.

இங்கே சொல்பவை 8 முதல் 40 குதிரைத்திறன் வரையுள்ள, கார்ப்பரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களுக்கானவை. நம் கரைகளில் சிறு படகுகளில் நெடுங்காலமாக அதிகம் ஓடுவது இந்த வகைதான். போர் ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். கடலில் மூழ்கிய இன்ஜின் வேறு சங்கதி. அதை வெளியே எடுத்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, உள்ளே எண்ணெய் விட்டுச் சுற்றவிட்டிருக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் மாதக்கணக்கில் கிடந்திருந்தால் மெக்கானிக் பிரித்துப் பார்க்கும்வரை தொடாதீர்கள்.

மூடியைத் திறந்ததும்

இன்ஜினை ஸ்டாண்டில் நிமிர்த்தி மாட்டுங்கள். படுக்க வைத்திருந்த இன்ஜினாக இருந்தால் நிமிர்த்திய பிறகு சிறிது நேரம் அப்படியே விடுங்கள். உள்ளே தேங்கிய தண்ணீரும் எண்ணெயும் இறங்கட்டும்.

மூடியைத் திறந்ததும் முதலில் தேட வேண்டியது உயிரினங்களின் வேலையை. எலி கடித்த வயர், பல்லி முட்டை, குளவிக் கூடு. குளவி ஓட்டை கண்ட இடத்தில் மண் அப்பிவிடும்; கீழே தண்ணீர் உறிஞ்சும் துவாரங்கள், பக்கவாட்டில் தண்ணீர் பீய்ச்சும் சிறு குழாய், புகை போகும் வழி எல்லாவற்றையும் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். பீய்ச்சு குழாயில் ஒரு துண்டு தடித்த தங்கூசி நரம்பை விட்டு ஆட்டினால் மண்ணும் உப்பும் உதிரும்.

காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்த இன்ஜின்களில் துரு அதிகமாக இருக்கும். பாதுகாப்பு என்று நினைத்துத்தான் கட்டுகிறார்கள். ஆனால் கடற்கரை ஈரம் உள்ளே அகப்பட்டுப் பகல் சூட்டில் ஆவியாகி, இரவில் உலோகத்தின் மேல் முத்து முத்தாகப் படிகிறது. வயர் இணைப்புகளில் பச்சைப் பூஞ்சை போலப் படிந்திருப்பதைச் சுரண்டித் துடையுங்கள். படகோடு இன்ஜினைப் பிடிக்கும் கிளாம்பு திருகுகள், இன்ஜின் திரும்பும் அச்சு, தூக்கி இறக்கும் அச்சு ஆகியவை உப்பில் இறுகியிருக்கும். புது கிரீஸ் ஏற்றி, பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அழுத்துங்கள்.

துத்தநாகக் கட்டி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். உப்புத் தண்ணீர் அலுமினியத்தை அரிப்பதற்குப் பதிலாக இந்தக் கட்டியை அரிக்கும். அதற்காகத்தான் அது இருக்கிறது. பாதி கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். இன்ஜினுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் இந்தக் கட்டிக்கும் சேர்த்து அடித்துவிடுவது உண்டு. பெயின்ட் பட்ட கட்டி வேலை செய்யாது.

கியர் பெட்டி பேசும்

மூடியை விட்டுக் கீழே வாருங்கள். புரொப்பல்லருக்கு முன்னால் உள்ள குண்டான பகுதிதான் கியர் பெட்டி. அதில் கீழே ஒரு திருகு, மேலே ஒரு திருகு இருக்கும். அடியில் ஒரு வாய் அகன்ற டப்பாவை வைத்துவிட்டு, கீழ்த் திருகை முதலில் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கிடந்த காலத்தில் எண்ணெயும் தண்ணீரும் பிரிந்து தண்ணீர் அடியில் நிற்பதால், முதலில் சொட்டுவது தண்ணீரா எண்ணெயா என்று தெரிந்துவிடும். தண்ணீர் வந்தாலும், எண்ணெய் பால் கலந்ததுபோல வெளுத்து வந்தாலும் ஆயில் சீல் போயிருக்கிறது. சீலை மாற்றாமல் எண்ணெயை மட்டும் மாற்றினால் அடுத்த வாரமே மறுபடி தண்ணீர் புகும்.

சீல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் நம் வலைதான். புரொப்பல்லரைக் கழற்றிப் பாருங்கள். அச்சில் நரம்பு சுற்றி, வெப்பத்தில் உருகி வளையமாக இறுகியிருக்கும். அது சீலின் உதட்டை அறுக்கிறது. அறுத்தெடுத்துத் துடைத்து, அச்சுக்குக் கிரீஸ் தடவி, புரொப்பல்லரை மாட்டாமல் தனியே வையுங்கள். டிரம்மில் ஓட்டிப் பார்க்கும்போது அது வேண்டாம். மறுபடி மாட்டும்போது வளைந்து நிமிர்ந்த பழைய காட்டர் பின்னைப் போடாதீர்கள்.

எண்ணெய் நிரப்பும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். கையேட்டில் சொன்ன 90 கிரேடு கியர் ஆயிலைக் கீழ்த் துவாரம் வழியாக ஏற்ற வேண்டும்; மேல் துவாரத்தில் குமிழி இல்லாமல் எண்ணெய் வழியும்போது மேல் திருகை மூடி, பிறகு கீழ்த் திருகை மூட வேண்டும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று அடைத்துக்கொண்டு பெட்டி பாதிதான் நிரம்பும். இரண்டு திருகுக்கும் வாஷர் புதிதாகப் போடுங்கள்.

வாட்டர் பம்பு

கியர் பெட்டியின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ரப்பர் இம்பெல்லர்தான் இன்ஜினுக்குக் குளிர்ந்த தண்ணீரைத் தள்ளுகிறது. அதன் இதழ்கள் ஒரு பக்கமாக வளைந்த நிலையிலேயே இருக்கும். மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தால் அந்த வளைவிலேயே ரப்பர் விறைத்துவிடும். பிறகு சுற்றும்போது தண்ணீரைத் தள்ளாது அல்லது இதழ் முறியும். தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டால் சில விநாடிகளிலேயே ரப்பர் தேய்ந்து கருகத் தொடங்கும். ‘ஸ்டார்ட் ஆகிறதா என்று மட்டும் பார்க்கிறேன்’ என்று வெறும் தரையில் கயிற்றை இழுத்துப் பார்ப்பது இம்பெல்லருக்கு வைக்கும் கொள்ளி.

ஒரு வருடத்துக்கு மேல் கிடந்த இன்ஜினுக்கு, பார்க்கவே வேண்டாம், இம்பெல்லரை மாற்றிவிடுங்கள் என்பது என் கருத்து. இன்ஜினில் இதைவிட மலிவான காப்பீடு கிடையாது. கியர் பெட்டியின் போல்ட்டுகளைக் கழற்றி, கியர் மாற்றும் கம்பியை விடுவித்தால் கீழ்ப்பகுதி முழுவதும் இறங்கிவிடும். பழைய இம்பெல்லரில் இதழ் ஏதாவது உடைந்து காணாமல் போயிருந்தால் அந்தத் துண்டைத் தேடிக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். அது மேலே போகும் தண்ணீர்க் குழாயில் சிக்கியிருக்கும். புது இம்பெல்லர் போட்டும் இன்ஜின் சூடாகிறதே என்று புலம்புவதற்கு இந்தத் துண்டு பல முறை காரணமாகிறது. புதியதைச் சோப்புத் தண்ணீர் தடவி, அச்சை வலஞ்சுழியாகத் திருப்பியபடியே பம்புக்குள் இறக்குங்கள். சிறு சாவித் துண்டு கீழே விழுந்துவிடும், கவனம். இந்த நொடியிலிருந்து இன்ஜினை எதிர்ப்புறமாகச் சுற்றக் கூடாது, இதழ்கள் மடிந்துவிடும்.

பழைய பெட்ரோல்

கிடந்த இன்ஜின் கிளம்பாததற்கு முதல் காரணம் இதுதான். பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதிதான் முதலில் பற்றிக்கொள்கிறது. இரண்டு மூன்று மாதத்தில் அது பறந்துவிடும். மிச்சம் இருப்பது காற்றோடு சேர்ந்து பிசினாகிறது. கார்ப்பரேட்டரில் தேங்கிய கொஞ்சம் பெட்ரோல் முதலில் காயும். அந்தப் பிசின் மயிரிழை அளவுள்ள ஜெட் துவாரங்களை அடைக்கும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு எண்ணெயும் கலந்திருப்பதால், பெட்ரோல் போனபின் எண்ணெய்ப் பசை தங்கிவிடும்.

இப்போது இதோடு எத்தனாலும் சேர்ந்துகொண்டது. நம் நாட்டுப் பம்புகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. பெரும்பாலான அவுட்போர்டு இன்ஜின் கையேடுகளோ 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கின்றன. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கடற்கரையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஈரம் ஓர் அளவைத் தாண்டியதும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாய் அடியைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது. அந்த அடிநீரில் டூ-டி ஆயில் கரையாது. ஆகவே இன்ஜின் தப்பித் தவறிக் கிளம்பினாலும் சில நிமிடம் எண்ணெயே இல்லாமல் ஓடும். பிஸ்டன் பிடிப்பதற்கு அது போதும்.

பழைய பெட்ரோலில் புதியதைக் கலந்து ‘சரிக்கட்டுவது’ வேண்டவே வேண்டாம். டேங்கை முழுவதும் காலி செய்யுங்கள். எடுத்ததில் கொஞ்சத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்தால் அடியில் தண்ணீர் கோடு போட்டு நிற்பது தெரியும். பழைய பெட்ரோலை மணலிலோ கடலிலோ கொட்டாதீர்கள். வீட்டு மண்ணெண்ணெய் அடுப்புப் பக்கம் கொண்டே போகாதீர்கள், அடுப்பு வெடிக்கும். மூடிய கேனில் ஊற்றி ஒர்க்ஷாப்பில் ஒப்படையுங்கள்.

புதுப் பெட்ரோலை ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள். எண்ணெய்க் கலவை இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். 50க்கு 1 என்றால் 10 லிட்டருக்கு 200 மில்லி. 100க்கு 1 என்று எழுதியிருந்தால் 100 மில்லி. பக்கத்துப் படகின் கணக்கு உங்கள் இன்ஜினுக்குச் செல்லாது, கையேட்டைப் பாருங்கள். எண்ணெய் டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்ற முத்திரை இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் டூ-டி ஆயில் காற்றால் குளிரும் இன்ஜினுக்குச் செய்தது. தண்ணீரால் குளிரும் இந்த இன்ஜினில் அது பிளக்கிலும் பிஸ்டனிலும் கரியாகவும் சாம்பலாகவும் படியும்.

அடுத்தது பெட்ரோல் குழாய். மடக்கிப் பாருங்கள், வெடிப்புத் தெரிந்தால் மாற்றுங்கள். நடுவில் இருக்கும் ரப்பர் பல்பை அம்புக்குறி இன்ஜினை நோக்கி இருக்கும்படி பிடித்து அழுத்தினால், சில அழுத்தலுக்குப் பிறகு அது கல்லாக இறுக வேண்டும். எவ்வளவு அழுத்தியும் தொளதொளவென்றே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. இணைப்பில் உள்ள ரப்பர் வளையத்தை முதலில் சந்தேகியுங்கள். இறுகிய பிறகு கார்ப்பரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிந்தால் மிதவையின் ஊசி பிசினில் ஒட்டியிருக்கிறது.

கார்ப்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடுவதே நல்லது. கிண்ணத்தைத் திறந்து, மெயின் ஜெட்டையும் ஐடில் ஜெட்டையும் கழற்றி, கார்ப்பரேட்டர் கிளீனர் தெளித்து ஊறவிடுங்கள். ஜெட் பித்தளையால் ஆனது. குண்டூசியோ கம்பியோ விட்டுக் குத்தினால் துவாரம் பெரிதாகி, கலவைக் கணக்கே தவறிவிடும். மெல்லிய நரம்பு ஒன்றை விட்டு எடுத்து, சைக்கிள் பம்பால் ஊதினால் போதும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துவாரம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

மானிய மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜின் என்றால் இன்னொரு சங்கதி. கடைசியாக மண்ணெண்ணெயிலேயே அணைத்து வைத்திருந்தால் கார்ப்பரேட்டர் முழுவதும் அதுதான் நிற்கும். குளிர்ந்த இன்ஜின் மண்ணெண்ணெயில் பற்றாது. முழுவதும் வடித்துவிட்டுப் பெட்ரோலில் கிளப்பி, நன்றாகச் சூடான பிறகே மாற்ற வேண்டும்.

பிளக்கும் சிலிண்டரும்

பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு ஸ்பூன் டூ-டி ஆயில் விட்டுச் சிறிது நேரம் பொறுங்கள். பிறகு மேலே உள்ள சக்கரத்தைக் கையால் வலஞ்சுழியாக மெல்லத் திருப்புங்கள். தடையில்லாமல் சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. அசையவில்லை என்றால் கயிற்றில் பலத்தைக் காட்டாதீர்கள். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு முழுக்க விட்டுவிட்டு, மறுநாள் மெல்ல அசைத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான்.

புதுப் பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் இரும்பு உடலை இன்ஜினின் உலோகத்தில் அழுத்தித் தொட வைத்து, பெட்ரோல் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டுக் கயிற்றை இழுத்தால் நீல நிறத்தில் பொறி தெறிக்க வேண்டும். பொறி இல்லையென்றால் காயிலைக் குறை சொல்லும் முன் ஸ்டாப் சுவிட்சின் சிவப்புச் சுருள் கயிறு மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதை மாட்டாமல் விட்டுவிட்டு இன்ஜினையே பிரித்தவர்கள் எல்லாக் கரையிலும் உண்டு. போர் ஸ்ட்ரோக் இன்ஜினாக இருந்தால் இந்தக் கட்டத்தில் இன்ஜின் ஆயிலையும் பில்டரையும் மாற்றிவிடுங்கள். பெட்ரோலை ஊசி முனையால் பீய்ச்சும் புதிய வகைகளில் எரிபொருள் பாதையை வீட்டில் பிரிக்க வேண்டாம்.

இனிக் கயிறு

200 லிட்டர் டிரம்மின் மேல்வாயை வெட்டித் திறந்த வெளியில் வைத்து, நல்ல தண்ணீர் நிரப்பி, இன்ஜினை அதில் இறக்கி மாட்டுங்கள். தண்ணீர் உறிஞ்சும் துவாரத்துக்கு மேலே ஒரு சாணாவது தண்ணீர் நிற்க வேண்டும். பிள்ளைகளையும் பீடியையும் தூர அனுப்புங்கள். மூடிய கொட்டகைக்குள் ஓட்டாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

கியர் நியூட்ரலில். டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்து. பல்பு இறுகி. சோக் இழுத்து. கைப்பிடி ஸ்டார்ட் குறிக்கு. கயிற்றை முதலில் மெல்ல இழுத்து, தடை தட்டுப்படும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து ஒரே மூச்சில் இழுங்கள். திரும்பப் போகும்போது கையோடு விடுங்கள். ஆறேழு இழுப்பில் பற்றவில்லை என்றால் நிறுத்துங்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகிவிட்டது: சோக்கைத் தள்ளி, கைப்பிடியை முழுவதும் திறந்து, ஸ்டாப் கயிற்றைக் கழற்றிவிட்டுச் சில முறை இழுத்து உள்ளே காயவிடுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவே இல்லை.

கிளம்பியதும் கண் போக வேண்டிய இடம் பக்கவாட்டில் தண்ணீர் பீய்ச்சும் துவாரம். சில விநாடிகளில் அங்கே தண்ணீர் வர வேண்டும். வரவில்லை என்றால் உடனே அணையுங்கள், எவ்வளவு இனிமையாக ஓடினாலும் சரி. நீங்கள் ஊற்றிய எண்ணெய் எரிவதால் முதலில் வெள்ளைப் புகை மண்டும். அது தானே அடங்கும். முறுக்காமல் பத்து நிமிடம் ஓடவிட்டு, சிலிண்டர் தலையில் உள்ளங்கையை வையுங்கள். கொஞ்ச நேரம் வைத்திருக்க முடிந்தால் நல்லது. தொட முடியாத சூடென்றால் உள்ளே உப்பு அடைத்திருக்கலாம் அல்லது தெர்மோஸ்டாட் ஒட்டியிருக்கலாம்.

ஓடும் விதத்திலேயே நோய் தெரிந்துவிடும். சோக் இருக்கும்வரை ஓடி, சோக்கைத் தள்ளியதும் அணைந்தால் ஐடில் ஜெட் இன்னும் அடைத்திருக்கிறது. மெதுவாக நன்றாக ஓடி, முறுக்கினால் திணறினால் மெயின் ஜெட்டையோ பில்டரையோ பாருங்கள். ஐந்து நிமிடம் ஓடி அணைந்து, பல்பை அழுத்தினால் மறுபடி பிழைத்துக்கொண்டால், டேங்க் மூடியின் காற்றுத் திருகு மூடியிருக்கும். அது திறந்திருந்தும் அப்படியானால் பெட்ரோல் பம்பின் உள்தோல் விறைத்திருக்கும். இந்த மூன்றாவது வகைதான் ஆபத்து. கரையில் பார்க்கும்போது இன்ஜின் நலமாகத் தெரியும், கடலில்தான் காலை வாரும். அதனால் டிரம்மில் அரை மணி நேரம் ஓடாத இன்ஜினைப் படகில் ஏற்றாதீர்கள்.

முதல் ஓட்டத்துக்கு வலை வேண்டாம். கச்சான் அடிக்கும் நேரத்தில் கிழக்குக் கரையிலிருந்து சோதனைக்குப் போகாதீர்கள். இன்ஜின் நின்றால் காற்று படகை வெளிக்கடலுக்குத் தள்ளிவிடும். கடலிலிருந்து கரைக்குக் காற்றுத் திரும்பிய பிறகு, துணைக்கு ஓர் ஆளோடு, துடுப்பு, நங்கூரம், உயிர்காப்புச் சட்டை, உபரிப் பிளக்கு, ஸ்பேனர் எடுத்துக்கொண்டு, குரல் கேட்கும் தொலைவிலேயே சுற்றி வாருங்கள். இடையிடையே அணைத்து மறுபடி கிளப்புங்கள். குளிர்ந்தபோது கிளம்பி, சூடானபின் அடம் பிடிக்கும் காயில்கள் உண்டு. அது இப்படித்தான் தெரியவரும்.

அடுத்த முறை ஓய்வுக்கு வைக்கும் நாளில் செய்ய வேண்டியது குறைவுதான். நல்ல தண்ணீர் டிரம்மில் பத்து நிமிடம் ஓடவிட்டு, பெட்ரோல் குழாயைக் கழற்றி இன்ஜின் தானே அணையும்வரை விட்டு, கிண்ணத்தில் மிஞ்சியதை வடித்து, பிளக்குத் துவாரத்தில் எண்ணெய் விட்டுச் சுற்றி, டேங்கைக் காலி செய்து, கியர் ஆயிலையும் மாற்றி, நிமிர்த்தி நிறுத்தித் துணியால் மூடி வையுங்கள். ஒரு மணி நேர வேலை. இதைச் செய்து வைத்த இன்ஜினுக்கு, மேலே சொன்னவற்றில் இம்பெல்லரும் புதுப் பெட்ரோலும் தவிர வேறெதுவும் அநேகமாகத் தேவைப்படாது.